‘இண்டிபென்டன்ஸ் டே’ இரண்டாம் பாகம்: ரசிகர்கள் ஏன் இன்னும் ஆறவில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1996-இல் வெளிவந்த ‘இண்டிபென்டன்ஸ் டே’, வேற்றுக்கிரகவாசிகள் பூமியின் மேல் படையெடுத்து வரும் கதை. அந்த வருடம் உலகத்திலேயே அதிகம் வசூலித்த படம் அதுதான். இரண்டாம் பாகமான ‘இண்டிபென்டன்ஸ் டே: ரிசர்ஜன்ஸ்’ வருவதற்கு 20 வருடம் ஆனது; 2016 ஜூனில் வந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் பக்கம் கல்யாண வீட்டுக்கு முந்தின ராத்திரி, அண்டாவைச் சுற்றி நின்றுகொண்டு ஆளுக்கு ஒரு படத்தைப் பற்றிப் பேசும்போது இதுவும் கட்டாயம் வந்துவிடும். அப்போதெல்லாம் எழுகிற கேள்விகளையும், தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் போனில் கேட்கிற கேள்விகளையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இரண்டு படங்களின் முடிவும் இதில் வருகிறது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

முதல் படம் பார்த்து ரொம்ப வருடம் ஆகிவிட்டது. கதையை ஒருமுறை சொல்ல முடியுமா?

ஜூலை 2, 3, 4 என்று மூன்று நாளில் நடக்கும் கதை. பெரிய பெரிய விண்கலங்கள் உலகத்தின் முக்கிய நகரங்களுக்கு மேலே வந்து அசையாமல் நிற்கின்றன. எதற்கு வந்திருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. பிறகு ஒரே நேரத்தில் நகரங்களை அழிக்கின்றன. தப்பிப் பிழைத்தவர்களில் அமெரிக்க மரைன் படையின் போர் விமானி ஸ்டீவன் ஹில்லர் (வில் ஸ்மித்), கேபிள் டிவி இன்ஜினியர் டேவிட் லெவின்சன் (ஜெஃப் கோல்ட்பிளம்), அமெரிக்க ஜனாதிபதி விட்மோர் (பில் புல்மன்) மூவரும் ஒரு இடத்தில் சேர்கிறார்கள். தாய்க்கலத்துக்குள் போய்க் கம்ப்யூட்டர் வைரஸைச் செலுத்தி, கலங்களின் பாதுகாப்புக் கவசத்தைச் செயலிழக்க வைத்து ஜெயிக்கிறார்கள். இயக்கியவர் ரோலண்ட் எமெரிக். டீன் டெவ்லினோடு சேர்ந்து எழுதினார். காட்சி நுட்பங்களுக்காக ஆஸ்கார் கிடைத்தது.

இரண்டாம் பாகத்தில்?

அதே 20 வருடம் கதைக்குள்ளும் ஓடியிருக்கிறது. உலக நாடுகள் ஒன்றாகிவிட்டன. எதிரி விட்டுப்போன தொழில்நுட்பத்தை வைத்து மனிதர்கள் விமானமும் ஆயுதமும் செய்துகொண்டிருக்கிறார்கள். சந்திரனில் பாதுகாப்புத் தளம்கூட இருக்கிறது. இந்த முறை அட்லாண்டிக் கடலையே மூடும் அளவுக்கு ஒரு தாய்க்கலம் வந்து இறங்கி, பூமியின் நடுக்கருவைத் துளைத்து எடுக்கப் பார்க்கிறது. கடைசியில் அவர்களுடைய ராணியைக் கொன்று பூமி பிழைக்கிறது.

ஏன் 20 வருடம் ஆனது?

முதல் காரணம் எமெரிக்கும் டெவ்லினும் பிரிந்தது. ‘ஸ்டார்கேட்’ (1994), ‘இண்டிபென்டன்ஸ் டே’, ‘காட்ஸில்லா’ (1998), ‘தி பேட்ரியாட்’ (2000) என்று வரிசையாகச் சேர்ந்து செய்தவர்கள், அதற்குப் பிறகு தனித்தனியே போனார்கள். சரியான கதை கிடைக்கவில்லை என்றும் பல வருடம் தள்ளிப்போட்டார்கள்.

அப்புறம் இரண்டு பாகமாக ஒன்றாக எடுக்கலாம் என்று யோசித்தார்கள். அதுவும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு படத்துக்கு மட்டும் 2014-இல் ஸ்டுடியோ அனுமதி கொடுத்தது. திரைக்கதை என்று டைட்டிலில் வரும் பெயர்கள் ஐந்து. ஒரு கதையை ஐந்து பேர் எழுதினாலே கெட்டுப்போகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தப் படத்தில் யார் எந்தக் காட்சிக்காக அழ வேண்டும் என்று ஒருவர் மனதிலாவது முடிவாகி இருந்ததாகத் தெரியவில்லை.

வில் ஸ்மித் ஏன் நடிக்கவில்லை?

சம்பளம் ஒத்துவரவில்லை என்ற பேச்சு பல வருடம் ஓடியது. அவர் கேட்கும் தொகை ரொம்ப அதிகம் என்று எமெரிக்கே 2013-இல் சொன்னார். பிறகு ஸ்மித் ‘சூயிசைட் ஸ்குவாட்’ படத்தைத் தேர்ந்தெடுத்தார். அதுவும் 2016-இல்தான் வந்தது.

ரசிகர்களுக்குக் கோபம் அவர் வராததால் மட்டும் இல்லை. ஹில்லரை எப்படி அனுப்பினார்கள் என்பதில்தான் ரொம்ப மனவருத்தம். 2007-இல் ஒரு சோதனை விமானம் ஓட்டும்போது இறந்துவிட்டார் என்று ஒரு வரி. வெள்ளை மாளிகைச் சுவரில் ஒரு படம். அவ்வளவுதான். பாலைவனத்து உப்புத் தரையில் பாராசூட் துணியில் சுற்றிய எதிரியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு, வெயிலில் திட்டிக்கொண்டே நடந்த ஆள் அவர். அவருக்கு ஒரு காரியம் செய்த மாதிரிகூட இல்லை. அவர் மனைவி ஜாஸ்மினாக வரும் விவிகா ஃபாக்ஸ் இரண்டாம் பாகத்தில் இருக்கிறார். ஆனால் ஆஸ்பத்திரி இடிந்து விழும்போது மகன் கண் முன்னாலேயே போய்விடுகிறார். மகன் டிலனுக்கு அழக்கூட நேரம் கொடுக்கவில்லை. அடுத்த காட்சிக்கு ஓடிவிடுகிறது படம். நான் பார்த்தபோது தியேட்டரில் பக்கத்து வரிசையில் இருந்த ஒரு அக்கா, “அவ்வளவுதானா? அந்தப் பிள்ளைக்கு யாருமே ஒன்றும் சொல்லவில்லையே?” என்று வாய்விட்டுக் கேட்டார். எந்த விமர்சகரும் அதைவிடச் சரியாகச் சொல்லவில்லை.

ஸ்மித் இருந்திருந்தால் படம் தேறியிருக்குமா?

கொஞ்சம் தேறியிருக்கும். வசூல் கட்டாயம் கூடியிருக்கும். ஆனால் குறை அங்கே இல்லை என்பது என் முடிவு. 30 வருடம் கழித்து 2015-இல் ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு’ வந்தபோது மெல் கிப்ஸன் இல்லை, டாம் ஹார்டி வந்தார். நம் பக்கத்து நாடான நமீபியாவின் பாலைவனத்தில் எடுத்த படம். ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஆறு ஆஸ்கார் கிடைத்தது. ஆள் மாறினால் ரசிகர்கள் பொறுத்துக்கொள்வார்கள். தாங்கள் எதை நேசித்தோமோ அதைப் படம் எடுத்தவர்களும் நேசிக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

அப்படி முதல் படத்தில் ரசிகர்கள் நேசித்தது எதை?

காத்திருப்பதை.

முதல் படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். சந்திரனின் தரை. 1969-இல் மனிதன் பதித்த காலடித் தடங்கள், கொடி, அங்கே வைத்துவிட்டு வந்த பலகை. தரை மெல்ல அதிர்கிறது. ஒரு நிழல் வந்து எல்லாவற்றையும் மூடுகிறது. தூசி உதிர்ந்து காலடித் தடம் கலைகிறது. ஒருவரும் கத்தவில்லை, எதுவும் வெடிக்கவில்லை. அந்தக் கலைந்த தடத்தைப் பார்த்ததுமே வயிறு கலங்கிவிடுகிறது.

அதற்குப் பிறகு முதல் நகரம் எரிவதற்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்த நேரத்தில் படம் என்ன செய்கிறது? ஜாஸ்மின் வேலைக்குப் போகிறாள். டேவிட் அப்பாவோடு சதுரங்கம் ஆடுகிறான், பிரிந்துபோன மனைவியை நினைத்துக்கொண்டிருக்கிறான். குடித்துவிட்டு வயலில் மருந்தடிக்கும் ரஸல் கேஸ் (ராண்டி குவைட்), தன்னை ஒருமுறை வேற்றுக்கிரகவாசிகள் கடத்திக்கொண்டு போனார்கள் என்று சொல்லிச் சொல்லி ஊரில் கேலிக்கு ஆளாகிறான்; பெற்ற பிள்ளைகளே அவனைப் பார்த்து வெட்கப்படுகிறார்கள். ஹில்லர் காலையில் எழுந்து பேப்பர் எடுக்க வெளியே வருகிறான். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் மூட்டைமுடிச்சைக் காரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம்தான் நிமிர்ந்து வானத்தைப் பார்க்கிறான். இவர்களோடு நாமும் அந்த நிழலுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டோம். அதனால்தான் கடைசியில் ரஸல் தன் விமானத்தோடு கலத்துக்குள் பாயும்போது தியேட்டரே எழுந்து நின்றது. அவன் பிள்ளைகள் முகத்தை நமக்குத் தெரியும்.

இரண்டாம் பாகம் இரண்டு மணி நேரம். முதல் படத்தைவிட 25 நிமிடம் குறைவு. ஆனால் ஆட்கள் அதைவிட அதிகம்: புது விமானிகள், புது ஜனாதிபதி, புது விஞ்ஞானி, பழைய ஆட்கள் எல்லோரும், ஒரு பஸ் நிறையக் குழந்தைகள். யாரோடும் உட்காருவதற்கு நமக்கு நேரம் தரவில்லை. கலம் வந்தவுடனேயே அழிவு தொடங்கிவிடுகிறது. துபாயின் புர்ஜ் கலீஃபா லண்டன் மேல் விழுகிறது. கணினியில் கச்சிதமாகச் செய்திருக்கிறார்கள், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கட்டடத்திலோ அந்தத் தெருவிலோ நமக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

முதல் படத்தில் வெள்ளை மாளிகை வெடித்ததும் கணினி வேலைதானே?

இல்லை. அது கையால் செய்த சிறு மாதிரி. அதைக் கட்டி, உள்ளே வெடி வைத்து, பல கேமராக்களில் வேகம் கூட்டிப் படம் பிடித்தார்கள். அந்தக் காட்சியை 1996 ஜனவரியில் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் நடுவே விளம்பரமாகப் போட்டதும் உலகம் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

ஜனாதிபதியின் மகளாக நடித்தவரை மாற்றியதற்கு ஏன் அவ்வளவு சண்டை?

1996-இல் குட்டிப் பெண் பட்ரீசியாவாக நடித்தவர் மே விட்மன். பிறகு வளர்ந்து பெயர் வாங்கிய நடிகையாகத்தான் இருந்தார். இருந்தும் இரண்டாம் பாகத்தில் அந்த வேடத்தை மைக்கா மன்ரோவுக்குக் கொடுத்தார்கள். மன்ரோ மேல் யாருக்கும் குறை இல்லை. ஆனால் பழைய படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களுக்கு அம்மா செத்ததும், அம்மா தூங்கிவிட்டாளா என்று அப்பாவிடம் கேட்ட அந்தக் குழந்தைதான் பட்ரீசியா. அந்த முகமே வளர்ந்து வந்து நின்றிருந்தால் ஒரு வசனமும் தேவைப்பட்டிருக்காது. 20 வருடம் கழித்து எடுக்கும் படத்துக்கு இலவசமாகக் கிடைத்த வரம் அது. அதை விட்டுவிட்டார்கள். இதில் நான் ரசிகர்கள் பக்கம்.

வசூல் எப்படி?

முதல் படம் 7.5 கோடி டாலரில் எடுத்து 81 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இரண்டாம் பாகம் 16.5 கோடி டாலரில் எடுத்து சுமார் 39 கோடி. அமெரிக்காவில் மட்டும் பார்த்தால் 30 கோடியில் இருந்து 10 கோடிக்கு இறங்கியது.

இரண்டாம் பாகத்தில் நல்லதே இல்லையா?

இருக்கிறது. டாக்டர் ஓகுன் (ப்ரென்ட் ஸ்பைனர்) முதல் படத்தில் செத்துவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இங்கே 20 வருட மயக்கத்தில் இருந்து எழுந்து வருகிறார். அத்தனை வருடமும் படுக்கையோரம் இருந்து அவரைக் கவனித்துக்கொண்ட டாக்டர் ஐசக்ஸ் ஆர்க்கிட் பூக்களோடு வந்து நிற்பார். அந்த இருவருக்குள் இருக்கும் பாசம்தான் படத்திலேயே மனசைத் தொடும் இடம். ஜெஃப் கோல்ட்பிளம் எப்போதும் போல. பட்டப்பகலில், வெள்ளை உப்புத் தரையில், ராணி ஒரு மஞ்சள் ஸ்கூல் பஸ்ஸைத் துரத்தும் காட்சி நன்றாகவே வந்திருக்கிறது. இருட்டில் ஒளித்துக் காட்டாமல் வெளிச்சத்தில் காட்டியதற்கு எமெரிக்கைப் பாராட்ட வேண்டும்.

2016-இல் எட்டு, பத்து வயதில் இதைப் பார்த்த பிள்ளைகள் பலருக்கு இதுதான் பிடித்த பாகம். அவர்களிடம் போய் உங்கள் ரசனை சரியில்லை என்று சொல்லாதீர்கள். நாமும் அந்த வயதில்தான் முதல் படத்தைப் பார்த்தோம்.

இசையைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

பேச வேண்டும். முதல் படத்துக்கு டேவிட் ஆர்னால்ட் இசை. பித்தளை வாத்தியங்கள் எழும்பும்போது ஒரு நாட்டுக்கே விடிகிற மாதிரி இருக்கும். இரண்டாம் பாகத்துக்கு அவர் இல்லை. ஹரால்ட் க்ளோசரும் தாமஸ் வாண்டரும் செய்தார்கள். வெளியே வந்தபோது முணுமுணுக்க ஒரு மெட்டும் இல்லை.

ஆப்பிரிக்காவில் நடந்த தரைப்போர் பற்றி ஏன் இங்கே எல்லோரும் பேசுகிறார்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

முதல் படத்தில் ஆப்பிரிக்கா எங்கே இருக்கிறது? கடைசியில் கலங்கள் விழுந்து கிடக்கும்போது, உலகம் முழுக்கக் கொண்டாட்டத்தைக் காட்டும் சில நொடிகளில், ஈட்டி தூக்கிக்கொண்டு ஆரவாரம் செய்பவர்களாக. அவ்வளவுதான். அந்த வருடம் நம் நாட்டில் மண்டேலா ஜனாதிபதி. புது அரசியல் சட்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதே வருடத்துப் படம் நம் கண்டத்தைப் பார்த்த விதம் அது.

இரண்டாம் பாகம் இதைத் திருத்தும் ஒரு விதையை வைத்திருந்தது. நடு ஆப்பிரிக்காவில் உம்புட்டு என்ற தலைவனின் பகுதியில் 1996-இல் ஒரு கலம் வெடிக்காமல் முழுதாக இறங்கிவிட்டது. உள்ளே இருந்து வேற்றுக்கிரகவாசிகள் வெளியே வந்தார்கள். உலகத்தின் மற்றப் பகுதிகளில் போர் மூன்று நாளில் முடிந்தது. அங்கே மட்டும் வருடக்கணக்கில் தரையில், காட்டில், கத்தியை வைத்துக்கொண்டு போர் நடந்திருக்கிறது. வெளியுலகம் வந்து உதவவில்லை. எதிரியைப் பின்னால் இருந்து எப்படி வெட்ட வேண்டும் என்று அவர்களே கற்றுக்கொண்டார்கள். தலைவனின் மகனாக டிகெம்பே உம்புட்டு வருகிறான். டியோபியா ஓபரே நடித்திருக்கிறார். முதுகில் இரட்டை வாள். முகத்தில் சிரிப்பே இல்லை. தன்னோடு பிறந்தவனை அந்தப் போரில் இழந்தவன்.

இதை எல்லாம் படம் சில வரி வசனத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. “அந்தப் படத்தை எடுத்திருக்கலாமே!” என்றுதான் பார்த்தவர்கள் எங்கே இருந்தாலும் சொன்னார்கள். அமெரிக்க ரசிகர்களும் இதையேதான் சொன்னார்கள். ஆனால் இங்கே அது இன்னும் உறைக்கிறது. உலகம் ஜெயித்துவிட்டோம் என்று பட்டாசு வெடித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு மூலையில் இருப்பவர்கள் மட்டும் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது தென்னாப்பிரிக்காவில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டிய கதை இல்லை. கையில் இருந்த பெரிய கதையை ஓரத்தில் வைத்துவிட்டு, சந்திரனில் இருந்து இழுவை விமானம் ஓட்டும் பையனின் பின்னால் போனார்கள்.

1996-இல் இங்கே அந்தப் படம் எப்படி ஓடியது?

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சினிமாவை இன்னும் ‘பயாஸ்கோப்பு’ என்றுதான் சொல்வார்கள். அவர்கள் இளவயதில் போனது கிரே தெருவைச் சுற்றி இருந்த இந்தியர் தியேட்டர்களுக்கு: அவலான், ஷா ஜெஹான், ராஜ். தெருவுக்கு இப்போது டாக்டர் யூசுஃப் தாதூவின் பெயர். வெள்ளைக்காரர் தியேட்டருக்குள் நாம் போக முடியாது. அந்தத் தடை எண்பதுகளில்தான் நீங்கியது. அதனால் 1996 என்பது எந்தத் தியேட்டரிலும் யார் பக்கத்திலும் உட்காரலாம் என்பதே இன்னும் புதுசாக இருந்த காலம். ஆயா, அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று குடும்பமாகப் போவோம். சமோசா பொட்டலம் அம்மாவின் கைப்பையில். ஒரு ஜனாதிபதி விடியற்காலையில் லாரி மேல் ஏறி மைக்கைப் பிடித்து, நமக்குள் இருக்கும் சின்னச் சின்ன வேற்றுமைகளை இனி நினைக்க முடியாது என்று பேசினார். அமெரிக்கக் கொடி நமக்குச் சொந்தம் இல்லை. அந்தப் பேச்சு நமக்கும் சேர்த்துத்தான் என்று அந்த இருட்டில் இருந்த எல்லா நிறத்தவரும் கை தட்டினார்கள்.

இந்த ஊர் ரசிகர்கள் இரண்டாம் பாகத்தை ஏன் ஒரு அமெரிக்கப் படம்தானே என்று விட்டுவிடவில்லை என்றால், இதுதான் காரணம்.

நம் நாட்டிலேயே எடுத்த ‘டிஸ்ட்ரிக்ட் 9’-க்கு இரண்டாம் பாகம் என்ன ஆனது?

இங்கே அதிகம் பேர் காத்திருப்பது இதற்குத்தான். முதல் பாகம் 2009-இல் வந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த நீல் ப்ளோம்காம்ப் இயக்கினார், பீட்டர் ஜாக்சன் தயாரித்தார். 3 கோடி டாலர் செலவு. 21 கோடி வசூல். சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கார் பரிந்துரை. இதில் கலம் நியூயார்க்குக்கு மேலே வரவில்லை, ஜோகன்னஸ்பர்க்குக்கு மேலே வந்து நிற்கிறது. வந்தவர்கள் படையெடுக்கவும் இல்லை. பசியோடு வந்த அகதிகள். அவர்களைக் குடிசைப் பகுதியில் அடைத்து வைத்து, பிறகு நகரத்துக்கு வெளியே வெகுதூரத்தில் இன்னொரு முகாமுக்கு மாற்றப் பார்க்கிறார்கள். படம் பிடித்தது ஜோகன்னஸ்பர்க்கில் கறுப்பின மக்கள் வாழும் சோவெட்டோவின் சியவேலோவில். அங்கே அப்போது நிஜமாகவே மக்களைக் குடிசையில் இருந்து வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

விகஸ் என்ற அதிகாரி (ஷார்ல்டோ கோப்லி) குடிசை குடிசையாகக் கதவைத் தட்டி, இடத்தைக் காலி செய்யச் சொல்லும் தாளில் கையெழுத்துக் கேட்பான். மரியாதையாகத்தான் கேட்பான், சிரித்த முகம்தான். பின்னால் துப்பாக்கியோடு ஆட்கள். எங்கள் ஆயா மேகசின் பேரக்ஸில் பிறந்து வளர்ந்தவர். டர்பன் நகராட்சியில் வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர்களின் குடியிருப்பு அது. பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள் என்று சொல்வார். எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் 1960-களில் அங்கிருந்தவர்களையும் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்த இந்தியர்களையும், இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றினார்கள். கோயிலையும் மாமரத்தையும் விட்டுவிட்டு வந்த கதையை ஆயா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தக் கதவு தட்டும் காட்சியில் வேற்றுக்கிரகவாசி யார், மனிதர் யார் என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் குழப்பம் வரவில்லை.

படத்தின் முடிவில் கிறிஸ்டோபர் என்ற வேற்றுக்கிரகவாசி மூன்று வருடத்தில் திரும்பி வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறான். மூன்று வருடம் 2012-இலேயே முடிந்துவிட்டது. 2021 பிப்ரவரியில் ‘டிஸ்ட்ரிக்ட் 10’ திரைக்கதையை எழுதிக்கொண்டிருப்பதாக ப்ளோம்காம்ப் அறிவித்தார். கோப்லியும் டெரி டாட்செல்லும் கூடச் சேர்ந்து எழுதுவதாகச் சொன்னார். ரசிகர்கள் அன்றைக்குக் கொண்டாடியதைப் பார்த்திருக்க வேண்டும். ‘ரிசர்ஜன்ஸ்’ வந்து போன பிறகு, அந்தக் கொண்டாட்டத்துக்குள்ளேயே ஒரு பயமும் சேர்ந்துகொண்டது: ராணுவக் கலங்களோடு பெரிய சண்டைப் படமாக எடுத்துவிடுவார்களோ என்று. எனக்கும் அந்தப் பயம் உண்டு. எடுக்கத் தாமதமாகட்டும், பரவாயில்லை.

தமிழ்ப் படங்களில் இதே மாதிரி நடந்திருக்கிறதா?

‘இந்தியன்’. அதுவும் 1996. மே மாதம் வந்தது. ‘இந்தியன் 2’ 2024 ஜூலை 12-ஆம் தேதி வந்தது, 28 வருடம் கழித்து. படப்பிடிப்பில் கிரேன் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். விவேக்கும் நெடுமுடி வேணுவும் படம் வெளிவரும் முன்பே காலமானார்கள். இத்தனையும் தாண்டி வந்த படம். கமல்ஹாசன் இருந்தார், ஷங்கர் இருந்தார். அப்படியும் ரசிகர்கள் அதே வருத்தத்தோடுதான் வெளியே வந்தார்கள். முதல் படத்தில் சேனாபதி கத்தியை எடுத்ததற்குப் பின்னால் ஒரு மகள் எரிந்து செத்தாள்; லஞ்சம் கொடுத்தால்தான் வைத்தியம் என்று டாக்டர் காக்க வைத்தார். அந்த வலியை நம்மையும் சுமக்க வைத்துவிட்டுத்தான் அவர் கிளம்பினார். இரண்டாவதில் தப்பு செய்பவர்கள் வரிசையாக வருகிறார்கள், தண்டனையும் வரிசையாக வருகிறது. இங்கேயும் ஏ.ஆர். ரஹ்மான் இல்லை, அனிருத் வந்தார். ஹாலிவுட்டிலும் கோடம்பாக்கத்திலும் ஒரே குறை என்று சொல்வதற்காகத்தான் இதை எடுத்தேன்.

அப்படியென்றால் நீண்ட இடைவெளி விட்டு வந்தாலே தோல்விதானா?

இல்லை. 1986-இல் வந்த ‘டாப் கன்’னுக்கு 36 வருடம் கழித்து 2022-இல் வந்த ‘மேவரிக்’ முதல் பாகத்தைவிட நல்ல படம் என்று சொல்பவர்கள் ஏராளம். அதில் பழைய நண்பன் ஐஸ்மேன் நோயோடு வருகிறான். வால் கில்மருக்கு நிஜத்திலும் தொண்டைப் புற்றுநோய் வந்து குரல் போயிருந்தது. அந்த ஒரு சந்திப்புக்காகப் படம் தன் வேகத்தை எல்லாம் நிறுத்திவிட்டு உட்கார்ந்தது. ‘ரிசர்ஜன்ஸ்’ ஹில்லருக்குச் செய்யாதது அதைத்தான்.

இயக்குநர் என்ன சொன்னார்?

2019-இல் எமெரிக் வெளிப்படையாகவே பேசினார். ஸ்மித் இருக்கும் திரைக்கதை இதைவிட நன்றாக இருந்தது, அவர் விலகியதும் அவசரமாக வேறு ஒன்றைத் தயார் செய்ய வேண்டி வந்தது, அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும் என்ற பொருளில் சொன்னார். அதை ஒப்புக்கொள்ளப் பெரிய மனசு வேண்டும். அதைக் கேட்ட பிறகு ரசிகர்கள் பலர் அவர்மேல் இருந்த கோபத்தை விட்டுவிட்டார்கள்.

மூன்றாம் பாகம் வருமா?

இரண்டாம் பாகம் முடியும்போதே நாமே விண்வெளிக்குப் போய் எதிரியைத் தாக்குவோம் என்று சொல்லித்தான் முடிகிறது. முடிவு இல்லாத முடிவு என்று அதற்கும் திட்டு விழுந்தது. 2019 மார்ச்சில் ஃபாக்ஸ் ஸ்டுடியோவை டிஸ்னி வாங்கியது. இதுவரை மூன்றாம் பாகம் எடுக்கவில்லை. எடுப்பதாக இருந்தால் என் ஆசை ஒன்றுதான்: விண்வெளிக்குப் போக வேண்டாம். 1996-இல் இருந்து தொடங்கி, உம்புட்டுவின் ஊரில் அந்தக் கலம் இறங்கிய நாளைக் காட்டட்டும். நம் கண்டத்து நடிகர்களை வைத்து, நம் கண்டத்திலேயே எடுக்கட்டும்.

பிள்ளைகளுக்கு எதை முதலில் காட்டலாம்?

1996 படத்தைத்தான். பத்து வயதுக்கு மேல் என்றால் பயம் இல்லாமல் பார்ப்பார்கள். ஆராய்ச்சிக் கூடத்தில் எதிரியை அறுத்துப் பார்க்கும் காட்சி மட்டும் கொஞ்சம் கடுமை, அங்கே பக்கத்தில் இருங்கள். முதல் முக்கால் மணி நேரத்தில் “எப்போ வெடிக்கும்?” என்று கேட்பார்கள். வேகமாக ஓட்டிவிடாதீர்கள். ‘டிஸ்ட்ரிக்ட் 9’ பெரியவர்களுக்கான படம், ரத்தமும் கெட்ட வார்த்தையும் அதிகம். பிள்ளைகள் பதினாறு, பதினேழு ஆனதும் காட்டுங்கள். அதற்கு முன்னால் சாட்ஸ்வொர்த்துக்கு எப்படி வந்தோம் என்பதை வீட்டுப் பெரியவர் ஒருவரைச் சொல்ல வையுங்கள். ‘ரிசர்ஜன்ஸ்’ பள்ளி விடுமுறையில் ஒரு மழை நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். ஓகுன் கண் விழிக்கும் இடத்தைத் தவறவிட வேண்டாம்.